33 பக்கக் கடிதம்

உட்காருங்கள் அக்கா, டீ கொதித்துவிட்டது. மூன்றாம் மாடிப் பெண்ணைப் பற்றி நேற்று மொட்டைமாடியில் கேட்டீர்களே, "நல்ல ஐ.டி. வேலையாமே, அதை விட்டுட்டு எந்நேரமும் அந்தப் பையன் பின்னாலேயே ஏன் ஓடணும், பிள்ளை தானா வளராதா?" என்று. நீங்கள் குறையாகக் கேட்கவில்லை, அந்தப் பெண்ணின் முகம் வாடிக் கிடப்பதைப் பார்த்துத்தான் கேட்டீர்கள். பையனுக்கு ஆட்டிசம் என்று ஒரு வரியில் சொல்லியிருக்கலாம். சொன்னால் "ஐயோ பாவம்" என்பதோடு பேச்சு நின்றுவிடும். அவர் செய்வது என்ன வேலை, அது ஏன் ஒரு முழு நாளையும் விழுங்குகிறது என்று சொல்ல எனக்குக் கொஞ்சம் நேரம் வேண்டும். அமெரிக்காவில் ஒரு சின்ன ஊரிலிருந்து தொடங்குகிறேன்.

மிசிசிப்பி மாநிலத்தில் ஃபாரெஸ்ட் என்று ஓர் ஊர். அங்கே 1933ல் டொனால்ட் டிரிப்லெட் பிறந்தார். அப்பா பீமன் வக்கீல். அம்மா மேரியின் பிறந்த வீட்டார் அந்த ஊர் பேங்கையே நடத்தியவர்கள். பையன் ஒரு வயதிலேயே கேட்ட பாட்டுகளைப் பிசகாமல் பாடினான். மூன்று வயது ஆகுமுன் பைபிள் சங்கீதம் ஒன்றை முழுசாக ஒப்பித்தான். ஆனால் அம்மா அறைக்குள் வந்தாலும் சரி, வெளியே போனாலும் சரி, தலை நிமிர்ந்து பார்க்கமாட்டான். அப்பாவைப் பார்த்து முகம் மலர்ந்ததில்லை. கிறிஸ்துமஸ் தாத்தா முழு வேஷத்தோடு வந்து நின்றபோதும் அவன் கவனிக்கவில்லை. கையில் கிடைத்ததையெல்லாம் தரையில் சுற்றவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பான். நடுவே யாராவது புகுந்து கலைத்தால் அலறல்தான்.

1937ல், நாலு வயது நிறைவதற்குள், அவனை ஒரு குழந்தைகள் இல்லத்தில் கொண்டுபோய் விட்டார்கள். காசநோய் தாக்கக்கூடிய குழந்தைகளுக்காக நடத்தப்பட்ட இல்லம் அது. இடம் மாறினால் குணம் மாறும் என்பது அன்றைய மருத்துவ யோசனை. மாதம் இரண்டு முறை போய்ப் பார்க்கலாம், அவ்வளவுதான். அங்கே டொனால்ட் வரவர ஒடுங்கிப் போனான். அசையாமல் ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தான். ஏறக்குறைய ஒரு வருஷம் பொறுத்த பெற்றோர், கூட்டிக்கொண்டு போகிறோம் என்றார்கள். நன்றாகத்தானே இருக்கிறான், அவன் பாட்டுக்கு விடுங்கள் என்றார் பொறுப்பாளர். அவர்கள் கேட்கவில்லை, கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். பையனிடம் என்ன பார்த்தீர்கள் என்று எழுதித் தரும்படி கேட்டார்கள். வந்தது அரைப் பக்கம். சுரப்பிக் கோளாறு ஏதோ இருக்கும்போல என்று அதில் இருந்தது.

அடுத்ததாகப் பால்டிமோரில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் குழந்தைகள் மனநல மருத்துவராக இருந்த லியோ கேனரிடம் போக முடிவு செய்தார்கள். டாக்டருக்கு முன்கூட்டியே விவரம் தெரியட்டும் என்று பீமன் ஒரு கடிதம் அனுப்பினார். தட்டச்சில் 33 பக்கம். மகன் என்ன சாப்பிட்டான், எதற்குச் சிரித்தான், எதற்கு அழுதான், எந்தச் சொல்லை எப்போது எந்தப் பொருளில் சொன்னான், எல்லாம் அதில் இருந்தது.

ஒரு வருஷம் வைத்திருந்த இடம் அரைப் பக்கம் எழுதியது. பெற்றவர்கள் 33 பக்கம் எழுதினார்கள். நான் உங்களுக்குச் சொல்ல வந்தது இதைத்தான் அக்கா. இந்தப் பிள்ளைகளை வளர்ப்பவர்களிடம் பாசம் எப்படி வேலை செய்கிறது என்று கேட்டால், கவனிப்பாக வேலை செய்கிறது. நாம் தியாகம், கடவுள் கொடுத்த சோதனை, தெய்வத்தாய் என்று பெரிய பெரிய வார்த்தைகளைச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். அவர்களோ இன்று மத்தியானம் அழுகை எத்தனை நிமிஷம் நீடித்தது, அதற்கு முன் என்ன நடந்தது என்று நோட்டில் எழுதிக்கொண்டிருப்பார்கள்.

அந்தக் கவனிப்பு எதற்கு என்பதற்கு டொனால்டிடமிருந்தே ஒன்று சொல்கிறேன். அனெட்டும் செசிலும் சேர்ந்தால் ஊதா என்று அவன் சொல்லிக்கொண்டிருப்பான். வெளியாள் கேட்டால் உளறல் என்பார். அந்த நாளில் கனடாவில் ஒரே பிரசவத்தில் ஐந்து பெண்கள் பிறந்து உலகமெல்லாம் பேசப்பட்டார்கள், டியோன் சகோதரிகள் என்று பெயர். பையனிடம் ஐந்து வண்ணப் புட்டிகள் இருந்தன. ஒவ்வொரு புட்டிக்கும் அந்தச் சகோதரிகளில் ஒருத்தியின் பெயரை வைத்திருந்தான். நீலம் அனெட், சிவப்பு செசில். நீலமும் சிவப்பும் கலந்தால் ஊதா. எவ்வளவு சரியான பேச்சு! ஆனால் அதைப் புரிந்துகொள்ள, அவன் புட்டிகளுக்குப் பெயர் வைத்த நேரத்தில் யாராவது கூட இருந்திருக்க வேண்டும்.

இன்னொன்று, நம் வீடுகளிலும் பார்க்கக்கூடியது. குளிக்க வேண்டும் என்றால் டொனால்ட், "உனக்குக் குளிக்கணுமா?" என்று கேட்பான். அம்மா அவனிடம் எப்படிக் கேட்பாளோ அதே வாக்கியம், அதே ராகம். 'நான்', 'நீ' இடம் மாறிக் கிடக்கும். மூன்றாம் மாடிப் பையன் லிஃப்டில் உங்களைப் பார்த்து "தண்ணி வேணுமா?" என்றானே, நீங்கள்கூட "வேணாம் கண்ணு" என்றீர்களே. அவனுக்குத்தான் தாகம். அவன் அம்மா பையிலிருந்து பாட்டிலை எடுத்து நீட்டியதைப் பார்த்தீர்களா?

ஆட்டிசத்தை மருத்துவர்கள் பெரும்பாலும் இரண்டு பக்கமாகப் பார்க்கிறார்கள். ஒரு பக்கம், மற்றவர்களோடு கொடுக்கல் வாங்கல்: கண் பார்த்துச் சிரிப்பது, விரல் நீட்டிக் காட்டுவது, பேச்சு, பிறர் மனசைக் கணிப்பது. இன்னொரு பக்கம், ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்வது, வழக்கம் மாறினால் தாங்க முடியாமல் போவது, சத்தம், வெளிச்சம், தொடுகை, ருசி இவற்றை நம்மைவிடப் பல மடங்கு கூடுதலாகவோ குறைவாகவோ உணர்வது. குக்கர் விசில் நமக்கு வெறும் விசில். ஒரு பிள்ளைக்கு அது காதுக்குள் ஆணி அடிக்கிற வலி. இதெல்லாம் ஆளுக்கு ஆள் வேறுபடும். சிலர் சரளமாகப் பேசுவார்கள், பட்டம் வாங்குவார்கள். சிலர் ஆயுளுக்கும் பேசமாட்டார்கள், பல் துலக்கவும் துணை வேண்டும். இந்த நீண்ட வரிசை முழுவதையும் ஒரே குடைக்குள் கொண்டுவந்து பார்க்கச் சொன்னவர் லண்டன் மனநல மருத்துவர் லோர்னா விங். அவர் மகள் சூசிக்கு ஆட்டிசம். 1962ல் மற்றப் பெற்றோர்களோடு சேர்ந்து பிரிட்டனில் ஒரு சங்கம் தொடங்கினார். 1979ல் ஜூடித் கோல்டுடன் சேர்ந்து லண்டன் கேம்பர்வெல் பகுதிப் பிள்ளைகளைப் பற்றி வெளியிட்ட ஆய்வு, இன்று நாம் ஆட்டிசத்தைப் பார்க்கும் பார்வைக்கு அடித்தளம்.

ரத்தம் எடுத்தோ ஸ்கேன் பார்த்தோ ஆட்டிசத்தைக் கண்டுபிடிக்க முடியாது என்பது பலருக்குத் தெரியாது. பிள்ளை என்ன செய்கிறான் என்று பார்த்தும், பெற்றோரிடம் கேட்டும்தான் முடிவு செய்கிறார்கள். நம் நாட்டில் சான்றிதழுக்குப் பயன்படுத்தும் அளவீட்டில் 40 கேள்விகள். 16 முதல் 30 மாதக் குழந்தைகளுக்கு உலகம் முழுக்கப் பயன்படும் முதற்கட்டக் கேள்வித்தாள் ஒன்றில் 20 கேள்விகள். வீட்டில் கவனித்தவர்தான் இவற்றுக்குப் பதில் சொல்ல முடியும்.

சரி, கவனித்து என்ன செய்கிறார்கள்? முடி வெட்டுவதை எடுத்துக்கொள்ளுங்கள். நமக்குப் பதினைந்து நிமிஷ வேலை. பல ஆட்டிசப் பிள்ளைகளுக்குச் சலூன் நாற்காலி என்பது நரகம். பிடித்து அமுக்கி வெட்டினால் அடுத்த தடவை அந்தத் தெருவுக்கே வரமாட்டான். பல வீடுகளில் தூங்கும்போது கத்தரியால் ஒட்ட வெட்டிவிடுவார்கள், பாதித் தலையில் பிள்ளை விழித்துக்கொள்ளும்.

ஒரு தாய் இதை எப்படி அணுகுகிறார் பாருங்கள். 'சலூனுக்குப் பயம்' என்று மொத்தமாக வைத்துக்கொண்டால் ஒன்றும் செய்ய முடியாது. எதற்குப் பயம்? மெஷின் சத்தமா, அது தலையில் படும்போது வரும் அதிர்வா? கழுத்தைச் சுற்றிக் கட்டும் துணியா? முகத்தில் தெறிக்கும் தண்ணீரா? கழுத்தில் குத்தும் முடித் துணுக்குகளா? கண்ணாடியில் தெரியும் இத்தனை முகங்களா? ஒவ்வொன்றையும் தனித்தனியாக வீட்டில் வைத்துப் பார்க்கிறார். துண்டைக் கழுத்தில் சுற்றினால் ஒன்றும் சொல்லவில்லை. தண்ணீர் தெளித்தாலும் சரி, சிரிக்கிறான். டிரிம்மரைப் பக்கத்து அறையில் ஓடவிட்டதுமே காதைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்கடியில் போய்விட்டான். அப்படியென்றால் சத்தம். இப்போது வேலை தெரிந்துவிட்டது.

முதலில் நின்றுபோன டிரிம்மரைக் கையில் கொடுத்துப் பழக்குகிறார். பிறகு தூரத்து அறையில் ஒரு நொடி ஓடவிட்டு நிறுத்தி, அவனுக்குப் பிடித்த முறுக்கு. அப்புறம் இரண்டு நொடி. அப்புறம் அறைக் கதவைத் திறந்து வைத்து. இன்னொரு பக்கம், தினமும் சாயந்திரம் சலூன் வாசல் வழியாக நடை. ஒரு நாள் உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்து எழுந்து வருவது மட்டும். சலூன்காரரிடம் பேசி, கூட்டமில்லாத மத்தியான நேரத்தை வாங்கிக்கொள்கிறார், மெஷின் வேண்டாம், கத்தரி மட்டும் என்கிறார். போகுமுன் வீட்டில் படம் காட்டுகிறார்: முதலில் நாற்காலி, அடுத்து துணி, அடுத்து கத்தரி, கடைசியில் வீடு. அடுத்து என்ன வரும் என்று தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும். ஒரு முடிவெட்டுக்கு மாதக்கணக்கில் ஆகும். இடையில் காய்ச்சல் வந்தால், ஊருக்குப் போய்வந்தால், பல படி பின்னால் போய் மறுபடி தொடங்க வேண்டியிருக்கும். இதே முறையில்தான் பல் துலக்குவது, டாய்லெட், சட்டைப் பொத்தான், பஸ் பயணம், ஊசி எல்லாம். ஒரு நாள் ஏன் போதவில்லை என்று இப்போது புரிகிறதா?

ஸ்பீச் தெரபி, ஆக்குபேஷனல் தெரபி எல்லாம் தேவைதான். நல்ல தெரபிஸ்ட் வழி காட்டுவார். ஆனால் வாரத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம்தான் அங்கே. மிச்ச நேரமெல்லாம் பிள்ளை வீட்டில்தானே இருக்கிறான். அங்கே கற்றதை வீட்டிலும் ரோட்டிலும் பயன்படுத்தப் பழக்குவது பெற்றோர் தலையில்தான் விழுகிறது.

இவ்வளவு செய்பவர்களை உலகம் எப்படி நடத்தியது என்பதைச் சொல்லும்போது எனக்கு இன்றைக்கும் மனசு ஆறுவதில்லை. டொனால்டோடு சேர்த்து 11 பிள்ளைகளைப் பற்றி கேனர் 1943ல் எழுதிய கட்டுரைதான் ஆட்டிசத்தை மருத்துவ உலகம் அடையாளம் கண்டுகொண்ட பெரிய திருப்பம். அதில் டொனால்டைப் பற்றிய பகுதி பெருமளவு அந்த 33 பக்கத்தை நம்பி எழுதப்பட்டது. அதே கட்டுரையில் அவர் இன்னொன்றும் எழுதினார்: இத்தனை நுணுக்கமாக நாட்குறிப்பு வைத்திருப்பதே இந்தப் பெற்றோர்களின் அளவுமீறிய பிடிவாதக் குணத்துக்குச் சான்று என்று. அவர்கள் கொடுத்த குறிப்புகளை வாங்கிக்கொண்டு, குறிப்பு எடுத்ததையே குற்றமாக்கினார். அடுத்த ஆண்டுகளில் பெற்றோரின் பாசமில்லாத குளிர்ந்த சுபாவத்தைப் பற்றி இன்னும் கடுமையாகப் பேசினார். சிகாகோவில் புரூனோ பெட்டல்ஹைம் 1967ல் ஒரு புத்தகமே எழுதி, தாயின் வெறுப்புதான் பிள்ளையை இப்படி ஒடுங்க வைத்தது என்ற எண்ணத்தை வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்தார். எத்தனை தாய்மார்கள் அதை நம்பித் தங்களையே வெறுத்திருப்பார்கள்!

அதை உடைத்ததும் ஓர் அப்பாதான். பெர்னார்ட் ரிம்லாண்ட் அமெரிக்கக் கடற்படையில் உளவியலாளர். 1956ல் பிறந்த மகன் மார்க்குக்கு ஆட்டிசம். தாய் மீது பழி போடும் வாதத்துக்கு ஆதாரமே இல்லை, இது உடலில் தொடங்குவது என்று படித்துத் தேடி 1964ல் ஒரு புத்தகம் எழுதினார். அதன் பின்பக்கத்தில் பெற்றோருக்கான கேள்வித்தாள் ஒன்றையும் இணைத்திருந்தார். பெற்றோர்கள் நிரப்பி அனுப்பினார்கள். அடுத்த ஆண்டே பெற்றோர் சங்கம் உருவானது. அந்தச் சங்கத்தின் 1969 கூட்டத்தில் கேனரே மேடையேறி, பெற்றோர்களாகிய உங்கள் மேல் குற்றமில்லை என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். 1977ல் சூசன் ஃபோல்ஸ்டீனும் மைக்கேல் ரட்டரும் 21 ஜோடி இரட்டையரை ஆராய்ந்து மரபணுவின் பங்கைக் காட்டினார்கள். ஒரே கருவிலிருந்து பிறந்த 11 ஜோடியில் 4 ஜோடிகளில் இருவருக்கும் ஆட்டிசம் இருந்தது; வேறு வேறு கருவிலிருந்து பிறந்த 10 ஜோடியில் ஒன்றில்கூட அப்படி இல்லை. மரபணுவின் பங்கு பெரிது என்பதைப் பின்னால் வந்த ஆய்வுகளும் உறுதி செய்தன.

நம் ஊரில் அந்தப் பழி வேறு சட்டை போட்டுக்கொண்டு உலவுகிறது. "வேலைக்குப் போனா, பிள்ளைகிட்ட யாரு பேசுறது?" "போனைக் கையில குடுத்தே கெடுத்துட்டாங்க." "தனிக்குடித்தனம், அதான்." "மாசமா இருக்கறப்போ எதையோ பார்த்துப் பயந்திருப்பா." பிள்ளையின் முன்னால் அதிகம் பேசுவதும் போனைக் குறைப்பதும் எல்லாக் குழந்தைகளுக்கும் நல்லதே. ஆனால் அவை இல்லாததால் ஆட்டிசம் வருவதில்லை. தடுப்பூசியாலும் வருவதில்லை. 1998ல் ஆண்ட்ரூ வேக்ஃபீல்ட் 12 குழந்தைகளை வைத்து அப்படி ஒரு சந்தேகத்தைக் கிளப்பினார். லான்செட் இதழ் 2010ல் அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெற்றது, அவருடைய மருத்துவப் பதிவும் அதே ஆண்டில் நீக்கப்பட்டது. அந்தப் பயம் மட்டும் இன்னும் வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருக்கிறது.

கவனிக்கும் பெற்றோரின் தவிப்பைக் காசாக்குபவர்களும் இருக்கிறார்கள். மூன்று மாதத்தில் குணம், ஸ்டெம் செல் போட்டால் பேச்சு வரும் என்று லட்சக்கணக்கில் கேட்பார்கள். ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் சிகிச்சையைப் பரிந்துரைப்பதற்கில்லை என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022லேயே சொல்லிவிட்டது. நகையை அடகு வைத்துவிட்டு வந்து நிற்கும் குடும்பங்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது. ஆட்டிசத்தை நீக்கும் மருந்து கிடையாது. தூக்கமின்மை, வலிப்பு, பதற்றம் போன்ற கூட வரும் தொல்லைகளுக்குத்தான் மருந்து.

மறுபடியும் டொனால்டிடம் வருகிறேன், அங்கேதான் எனக்குப் பிடித்த பகுதி இருக்கிறது. 1942ல், 9 வயது சுமாரில், அவனை ஊரிலிருந்து ஏறக்குறைய 10 மைல் தள்ளி லூயிஸ் என்ற விவசாயத் தம்பதியிடம் வளரவிட்டார்கள். பிள்ளையில்லாத வீடு. கேனர் 1945ல் போய்ப் பார்த்து அசந்துபோய் எழுதினார். டொனால்டுக்கு எதைப் பார்த்தாலும் அளக்க வேண்டும், எண்ண வேண்டும். அந்தத் தம்பதி அதைத் தடுக்கவில்லை. கிணறு தோண்டச் சொல்லி எவ்வளவு ஆழம் என்று அளந்து சொல்லச் சொன்னார்கள். சோளப் பாத்தியை எண்ணிக்கொண்டே இருந்தான். உழுதுகொண்டே எண்ணு என்று குதிரையையும் ஏரையும் கொடுத்தார்கள், நீண்ட சால்களை ஒழுங்காக ஓட்டினான். செத்த பறவைகளையும் பூச்சிகளையும் சேகரித்தான்; தோட்டத்தில் ஓர் இடம் ஒதுக்கி இங்கே புதை என்றார்கள். ஒவ்வொன்றுக்கும் பெயர்ப்பலகை நட்டான். ஒரு நத்தைக்கு ஜான் ஸ்நெயில் லூயிஸ் என்று குடும்பப் பெயரே வைத்து, பிறந்த தேதி தெரியாது, இறந்தது இன்ன தேதி என்று எழுதினான்.

இதை எத்தனை முறை படித்தாலும் எனக்கு மலைப்பாக இருக்கிறது. லூயிஸ் தம்பதி எந்த மருத்துவப் புத்தகமும் படித்துவிட்டு இதைச் செய்யவில்லை. பையனுக்கு எது பிடித்திருக்கிறது என்று பார்த்தார்கள், அதையே பிடித்துக்கொண்டு ஒரு வேலையைக் கற்றுக்கொடுத்தார்கள். இன்று பெரிய நகரத்து தெரபி மையங்களில் சொல்லிக்கொடுப்பதும் இதைத்தான்.

டொனால்ட் பின்னாளில் உள்ளூர்ப் பள்ளியில் படித்தார், 1958ல் மில்சாப்ஸ் கல்லூரியில் பட்டம் வாங்கினார், குடும்ப பேங்கில் வேலை பார்த்தார், கார் ஓட்டினார், நாள் தவறாமல் கோல்ஃப் ஆடினார், தனியாக உலகம் சுற்றினார். பெற்றோர் காலமாகி வெகு ஆண்டுகள் கழித்து, 2023ல், 89 வயதில் இறந்தார். அதுவரை ஃபாரெஸ்ட் ஊரே அவரைத் தெரிந்து வைத்திருந்தது. அவருக்கு எதிலாவது தடுமாற்றம் என்றால் யாரும் வியக்கமாட்டார்கள், அவர் அப்படித்தான் என்று நகர்ந்துவிடுவார்கள்.

ஒன்றை நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். டிரிப்லெட் குடும்பத்தில் பணம் இருந்தது, வீட்டு வேலைக்கு ஆள் இருந்தது, ஊரில் செல்வாக்கு இருந்தது. பேங்கே சொந்தம் என்றால் மகனுக்கு வேலை கேட்டு யாரிடமும் நிற்க வேண்டாம். அன்றைய மிசிசிப்பியில் ஓர் ஏழைக் குடும்பமோ கறுப்பினக் குடும்பமோ இதே கவனிப்போடு இருந்திருந்தாலும் பையனை வாங்கிக்கொள்ளப் பள்ளியும் பேங்கும் கிடைத்திருக்காது. டொனால்டின் கதையைக் காட்டி, கஷ்டப்பட்டு உழைத்தால் எல்லாப் பிள்ளையும் பேங்க் வேலைக்குப் போகலாம் என்று ஒரு தாயிடம் யாரும் சொல்லிவிடக் கூடாது. எவ்வளவோ செய்தும் பேச்சே வராத பிள்ளைகள் உண்டு. அந்தப் பெற்றோரின் உழைப்பு இம்மியும் குறைந்ததல்ல.

பெற்றோரே தடுமாறக்கூடிய இடமும் ஒன்று உண்டு. ஆட்டிசம் உள்ள ஜிம் சின்க்ளேர் 1993ல் பெற்றோர்களுக்காக ஒரு கட்டுரை எழுதினார். நீங்கள் மனசில் கற்பனை செய்த பிள்ளைக்காக அழுதால் அழுதுகொள்ளுங்கள், ஆனால் உங்கள் முன்னால் இருக்கும் பிள்ளை உங்களுக்காகக் காத்திருக்கிறது என்பது அதன் சாரம். பிள்ளையை மற்றவர்களைப் போலக் காட்டுவதற்காகவே ராத்திரி பகலாகப் பயிற்சி கொடுத்துக் களைக்க வைப்பவர்கள் இருக்கிறார்கள். கையை உதறாதே, குதிக்காதே, கண்ணைப் பார் என்று நாள் முழுக்க அதட்டல். கை உதறுவது பல பிள்ளைகளுக்கு மனசை அமைதிப்படுத்திக்கொள்ளும் வழி, யாருக்கும் அதனால் தொந்தரவு இல்லை. எது பிள்ளைக்கு வேண்டியது, எது பார்ப்பவர்கள் கண்ணுக்காக என்று பிரித்துப் பார்ப்பதும் கவனிப்பில் சேர்த்திதான்.

உங்கள் பேரனுக்கு ஒன்றரை வயது என்பதால் இதையும் சொல்லிவைக்கிறேன், பயமுறுத்த அல்ல. ஒரு வயதாகியும் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை, ஒன்றரை வயதாகியும் எதையும் விரல் நீட்டிக் காட்டவில்லை, வந்த ஒன்றிரண்டு சொல்லும் நின்றுபோய்விட்டது என்றால், "ஆம்பளைப் பிள்ளை லேட்டாத்தான் பேசும்" என்று காத்திருக்கக் கூடாது. மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையம் அரசு மருத்துவமனையில் இருக்கும், செலவில்லை. சென்னையை ஒட்டிய முட்டுக்காட்டில் மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசின் நிறுவனமே இருக்கிறது. எதுவும் இல்லை என்று சொன்னால் நிம்மதியாக வந்துவிடலாம்.

சட்டத்தில் இப்போது இடம் இருக்கிறது. 2016ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளில் ஆட்டிசத்தையும் சேர்த்திருக்கிறது. 40 சதவீதமோ அதற்கு மேலோ பாதிப்பு என்று சான்று இருந்தால் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை உண்டு. நிராமயா என்ற அரசு மருத்துவக் காப்பீட்டில் ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். இதையெல்லாம் வாங்க ஆபீஸ் ஆபீஸாக அலைவதும் அந்தத் தாய் தகப்பன்தான். அப்பாவும் என்று அழுத்திச் சொல்கிறேன். 33 பக்கம் எழுதியது ஓர் அப்பா. நம் வீடுகளில் பல அப்பாக்கள் "அவளுக்குத்தான் தெரியும்" என்று விலகிவிடுகிறார்கள். உட்கார்ந்து பார்த்தால் அவர்களுக்கும் தெரியும்.

எந்த வீட்டிலும் கேட்கும் கடைசிக் கேள்வி ஒன்றுதான்: "எங்களுக்குப் பிறகு?" பிள்ளைக்கு 18 ஆனதும் பெற்றோர் தாமாகவே சட்டக் காப்பாளர் ஆகிவிடமாட்டார்கள். 1999ன் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, கலெக்டர் தலைமையிலான குழுவிடம் விண்ணப்பித்துக் காப்பாளரை நியமித்துக்கொள்ள வேண்டும். அதைவிடக் கடினமானது, பிள்ளையை அறிந்த ஆட்களைச் சேர்த்துவைப்பது. எந்தச் சோறு இறங்கும், ஃபேன் எந்த வேகத்தில் ஓடினால் தூங்குவான், எந்தச் சத்தம் ஆகாது, அவன் 'சிவப்பு பஸ்' என்றால் எதைக் கேட்கிறான், இதெல்லாம் இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்திருந்தால் போதாது. அந்த நோட்டுப்புத்தகங்கள் எல்லாம் அந்த மூன்றாவது, நாலாவது ஆளுக்காகவும்தான் எழுதப்படுகின்றன.

நீங்கள் என்ன செய்யலாம் என்று கேட்கிறீர்கள். வைத்தியம் சொல்லாதீர்கள், கோயில் சொல்லாதீர்கள், அது அவர்களுக்கு நூறு பேர் சொல்லியாயிற்று. லிஃப்டில் பையன் கத்தினால் உற்றுப் பார்க்காமல் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள். அது அடம் இல்லை, சத்தமும் நெருக்கமும் தாங்க முடியாமல் உடைந்து போவது. மிரட்டினாலும் மிட்டாய் கொடுத்தாலும் நிற்காது, அமைதியும் நேரமும் கிடைத்தால்தான் அடங்கும். அப்புறம், அந்தப் பெண்ணிடம் போய் ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் நான் இவனோடு உட்கார்ந்திருக்கிறேன், நீ தூங்கு என்று சொல்லுங்கள். நோட்டைக் கொடு, படித்துவிட்டு வருகிறேன் என்றும் கேளுங்கள். வேண்டாம் ஆன்ட்டி, உங்களால சமாளிக்க முடியாது என்பார். அடுத்த வாரம் மறுபடியும் கேளுங்கள்.